ரஞ்சித் படங்களில் எது முதல்? விழும் அடியை வைத்து ஒரு வரிசை



பா. ரஞ்சித்தின் படங்களை வரிசைப்படுத்திச் சொல்லுங்கள் என்று பருத்திப்பட்டில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவர்கள் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யூடியூபைத் திறந்தால் இப்படி நூறு பட்டியல் கிடக்கிறதே என்றால், "அதெல்லாம் மாஸ் சீன் கணக்கு தோழர், நம்ம கணக்கு வேற" என்கிறார்கள். சரிதான். நம் கணக்கு வேறுதான். அதைப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

ரஞ்சித் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படித்து, வெங்கட் பிரபுவின் 'சென்னை 600028' படத்தில் உதவி இயக்குநராக வேலை செய்து, 2012இல் 'அட்டகத்தி'யோடு வந்தார். அடுத்த 12 ஆண்டுகளில் ஏழு முழுநீளப் படங்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளை என்பதற்காக மார்க் கூட்டிப் போடவும் மாட்டோம். நம்மவர் என்பதாலேயே யாரோ வைக்கும் கூடுதல் பரீட்சையை நாமும் வைக்க மாட்டோம்.

ரஞ்சித்தைச் சண்டைப் பட இயக்குநர் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். அவர் அரசியல் இயக்குநர் ஆயிற்றே என்பார்கள். ஆனால் நம் பிள்ளைகள் விசில் அடிப்பது எங்கே என்று பாருங்கள். 'மெட்ராஸ்' படத்தில் காளி திருப்பி அடிக்கும்போது, 'காலா'வில் மேம்பாலத்து மழையில் குடை பிடித்த கை இறங்கும்போது, 'சார்பட்டா'வில் கபிலனின் கையுறை வேம்புலியின் தாடையில் இறங்கும்போது. அந்த விசிலை வெறும் சினிமா மோகம் என்று ஒதுக்குகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. அந்த விசிலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1980களிலும் 90களிலும் தமிழ்ச் சினிமாவில் அடிக்கும் கை யாருடையது? ஊர்ப் பெரியவரின் கை. 1992இல் மட்டும் 'சின்ன கவுண்டர்', 'தேவர் மகன்' என்று இரண்டு பெரும் வெற்றிப் படங்கள்; தலைப்பிலேயே சாதி நிற்கிறது. அந்த வகைப் படங்களில் நம் ஆள் இருந்தால் பண்ணையாளாக இருப்பான், அடி வாங்குவான், கடைசியில் ஐயாவின் கருணையில் பிழைப்பான். அடி எப்போதும் மேலிருந்து கீழே விழுந்தது. அதைத்தான் நியாயம் என்று காட்டினார்கள். அந்த அடியின் திசையைப் பெரிய திரையில், பெரிய நட்சத்திரங்களை வைத்து, கோடிக்கணக்கான பேர் பார்க்கும்படி மாற்றியவர்களில் ரஞ்சித் முக்கியமானவர். ஆகவே அவருடைய சண்டைக் காட்சிகளைப் பற்றிப் பேசுவது அவருடைய அரசியலைப் பற்றிப் பேசுவதுதான்.

ஆனால் திசை மாறினால் மட்டும் போதுமா? எங்கள் வரிசைக்கு மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம்.

ஒன்று, சண்டை எதற்காக நடக்கிறது? மானத்துக்கா, பழிக்கா, நிலத்துக்கா?

இரண்டு, யார் சண்டை போடுகிறார்கள்? ஒரு நாயகன் அடிக்க மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்களா, மக்களும் இறங்குகிறார்களா, பெண்கள் எங்கே நிற்கிறார்கள்?

மூன்று, சண்டை முடிந்தபின் சேரிக்கு என்ன மிஞ்சுகிறது?

வசூல், விருது, விமர்சகர்களின் நட்சத்திரம் எதையும் கணக்கில் எடுக்கவில்லை. கடைசியிலிருந்து தொடங்குகிறோம்.

7. தங்கலான் (2024)

ஏழாவது இடத்தில் வைக்க மனம் வலிக்கிறது. ரஞ்சித் எடுத்ததிலேயே பெரிய கனவு இதுதான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலம், வட ஆற்காட்டுக் கிராமம், நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடும்பம், தங்கம் தேடிப் போகும் வெள்ளைக்காரத் துரை. விக்ரம் உடம்பையே மண்ணாக்கி நடித்திருக்கிறார். பார்வதியின் கங்கம்மா அவருக்குச் சமமாக நிற்கிறார். ஊர்ப் பெண்கள் முதன்முதலாக ரவிக்கை போட்டுப் பார்க்கும் காட்சி ஒன்று போதும், இந்தப் படத்தை மறக்காமலிருக்க.

பிரச்சினை சண்டையில்தான் இருக்கிறது. முதல் பாதியில் சண்டை நிலத்துக்காக, கூலிக்காக. போகப் போக அது மாயத்துக்குள் போய்விடுகிறது. ஆரத்தியோடு நடக்கும் போர் கனவா, முன்னோரின் நினைவா, மண்ணின் காவலா என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உழைத்தவர்களின் கணக்கு நழுவிவிடுகிறது. முன்னோர் யார் என்ற கேள்வி பெரியதுதான். ஆனால் அந்தக் கேள்விக்கான விடையைக் கோலார் தங்கவயலின் உண்மை வரலாறே வைத்திருக்கிறது. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியபின், பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன நம் மக்கள். அங்கே மாரிக்குப்பத்தில் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டு அந்தக் குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. படித்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், சங்கம் வைத்தார்கள், வேலையை நிறுத்தினார்கள். இந்தக் கதைக்கு மாயமே தேவையில்லை. அந்தப் படம் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கிறது. உங்களில் ஒருவர் எடுங்கள்.

6. கபாலி (2016)

ரஜினிகாந்த் கோட்டு போட்டுக்கொண்டு நடந்து வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது நமக்கும் தெரியும். காந்தி சட்டையைக் கழற்றியதற்கும் அம்பேத்கர் கோட்டு போட்டதற்கும் காரணம் இருக்கிறது என்று ஒரு சூப்பர் ஸ்டார் வாயால் சொல்லவைத்தது சின்ன வேலை இல்லை. சிறையில் அவர் கையில் இருக்கும் புத்தகம் ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா'. தெலங்கானாவின் ஒரு தலித் குடும்பத்தின் மூன்று தலைமுறை வாழ்க்கை அது. அதைப் படம் வந்தபின் தேடிப் படித்த மாணவர்கள் எத்தனையோ பேர்.

ஆனாலும் அடியைக் கணக்குப் பார்த்தால், கபாலியின் துப்பாக்கி பேசுவது கேங்ஸ்டர் பகைக் கணக்கைத்தான். மலேயாத் தோட்டங்களில் ரப்பர் வெட்டிய தமிழர்களின் கூலிப் போராட்டம் முன்கதையில் வந்து போகிறது. பின்கதை முழுக்க டோனி லீயும் வீரசேகரனும். நாம் யாருக்காகக் கை தட்டுகிறோம் என்று கேட்டால், மனைவியைப் பறிகொடுத்த ஒரு தனி மனிதனுக்காக. படத்தின் உயிரான பகுதியில் துப்பாக்கியே இல்லை. செத்துவிட்டாள் என்று நினைத்த குமுதவல்லியைத் தேடிப் புதுச்சேரிக்குப் போய்க் கண்டுபிடிக்கும் பகுதி அது. சூப்பர் ஸ்டார் அங்கே அழுகிறார், அவரைப் பார்த்து நாமும் அழுதோம். கேங்ஸ்டர் சட்டகத்துக்குள் நம் கதையை அடைத்தால் சட்டகம்தான் ஜெயிக்கும் என்று கபாலி சொல்லித்தந்தது. ரஞ்சித் அந்தப் பாடத்தை இரண்டே ஆண்டில் படித்துவிட்டார் என்பதை முதலிடத்தில் பார்க்கலாம்.

5. நட்சத்திரம் நகர்கிறது (2022)

இது எங்கே சண்டைப் படம் என்று கேட்பீர்கள். புதுச்சேரியில் ஒரு நாடகக் குழு, ரெனே என்ற பெண், காதலைப் பற்றி முடிவில்லாத பேச்சு. உண்மை. ஆனால் கடைசிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். கையில் கதாயுதத்தோடு ஒருவன் அரங்குக்குள் புகுந்து நடிகர்களை அடிக்கத் தொடங்குகிறான். பண்பாட்டைக் காப்பாற்ற வந்தவனாம். அவனை எதிர்த்து நிற்க மாடியிலிருந்து ஒரு நாயகன் குதிக்கவில்லை. பயந்து, சிதறி, பிறகு ஒன்றாகத் திரும்பி நிற்பது அந்தக் குழுதான்.

இரண்டாவது கேள்விக்கு ரஞ்சித் தந்த மிகத் தெளிவான பதில்களில் இது ஒன்று. ரெனேயைப் போன்ற ஒரு தலித் பெண்ணைத் தமிழ்ச் சினிமா அதற்கு முன் பார்த்ததில்லை: தான் யார் என்பதைக் குனியாமல் சொல்கிறவள், பாவம் பார்க்கப்பட மறுக்கிறவள், தப்பு செய்தவனோடும் விவாதிக்கிறவள். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டதை இந்த மாநிலம் கண்காணிப்புக் கேமராப் பதிவாகப் பார்த்தது. 2025 ஜூலையில் நெல்லையில் ஐடி ஊழியர் கவினையும் அதே வெறிதான் பலிகொண்டது. அந்தக் கொலைகளுக்கு முன் ஒரு நாடகக் குழு என்ன செய்ய முடியும் என்று இந்தப் படம் நேர்மையாகக் கேட்கிறது.

பிறகு ஏன் ஐந்தாவது? பேச்சு அதிகம், அந்தப் பேச்சை நம் தெருவின் காதில் விழும்படி சொல்லவில்லை. அரங்குக்குள் இருப்பவர்களுக்கு அது புரிகிறது. அரங்குக்கு வெளியே நிற்கும் நம் அம்மாக்களை உள்ளே கூப்பிட மறந்துவிட்டது.

4. அட்டகத்தி (2012)

ஒரு சண்டைப் பட வரிசையில் வெட்டாத கத்திக்கு நான்காவது இடமா என்று சிரிக்கலாம். இந்தப் படத்தில் தினகரன் யாரையும் உருப்படியாக அடிக்கவில்லை. காதலிலும் தோற்கிறான், வீரத்திலும் தோற்கிறான். காலேஜுக்குப் போனதும் 'ரூட்டு தல' ஆகிறான். அந்தப் பட்டத்தைக் கொண்டு அவனுக்குக் கிடைத்தது என்ன? பூர்ணிமாவின் மனதில் இருந்தது அதே பெயர்கொண்ட வேறொரு தினகரன்.

இதை நாங்கள் மேலே வைக்கக் காரணம் நம் ஊர்ப் பையன்கள். ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் பக்கத்துப் பேருந்துகளிலும் புறநகர் ரயில்களிலும் 'ரூட்டு தல' என்ற பட்டத்துக்காக நிஜக் கத்தி எடுத்து, நிஜ வழக்கு வாங்கி, படிப்பை விட்ட பிள்ளைகளை நமக்குத் தெரியும். பெரும்பாலும் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். அடித்துக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் நம்மவர்களாகவே இருந்த நாட்களும் உண்டு. அந்த வீரத்தை அட்டைக் கத்தி என்று ரஞ்சித் தன் முதல் படத்திலேயே பெயர் வைத்துவிட்டார். அதுவும் திட்டாமல், புத்தி சொல்லாமல், கூடவே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு.

இன்னொன்று. நம் வீட்டு அழுகையை மட்டுமே படமாக்கிய காலத்தில், நம் வீட்டுச் சிரிப்பையும் கானாவையும் மீன்குழம்பு வாசனையையும் எந்த விளக்கமும் இல்லாமல் வைத்த படம் இது. நம் வாழ்க்கையைக் காட்ட ஒரு பிணம் விழ வேண்டும் என்ற கட்டாயத்தை உடைத்தது. பெண்களைப் பையனின் கண் வழியாகவே பார்க்கிறது என்பது குறைதான். நான்கோடு நிறுத்திக்கொள்கிறோம்.

3. சார்பட்டா பரம்பரை (2021)

இதற்காகத்தான் அதிகம் திட்டு வாங்கப் போகிறோம். எங்கள் வட்டத்திலேயே பாதிப் பேர் இதற்கு முதலிடம் கேட்கிறார்கள். கைதட்ட வைப்பதில் இதுதான் முதல், சந்தேகமில்லை. அன்பறிவு இரட்டையர் அமைத்த குத்துச்சண்டைகளில் ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஒரு கதை இருக்கிறது. டான்சிங் ரோஸோடு நடக்கும் சண்டையை இந்திய சினிமாவின் சிறந்த சண்டைக் காட்சிகளில் ஒன்று என்று சொல்லத் தயங்க மாட்டோம். மேலை நாட்டுக் குத்துச்சண்டைப் படங்களோடு தோளோடு தோள் நிற்கும். நெருக்கடி நிலைக் காலம், 1976 ஜனவரி 31இல் திமுக அரசு கலைக்கப்பட்டது, அதற்குப் பின் தெருவில் வந்த மாற்றம், எல்லாவற்றையும் ஒரு வளையத்துக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். முகமது அலியைக் குலசாமி மாதிரி கொண்டாடிய ஊர் வட சென்னை. 1980இல் அவர் சென்னைக்கே வந்து கண்காட்சிச் சண்டை போட்டதை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்த ஊரின் பெருமை இந்தப் படத்தில் இருக்கிறது.

இந்தப் படத்தில் எங்களுக்குப் பிடித்த சண்டை வளையத்துக்கு வெளியே நடப்பது. மாரியம்மா கபிலனிடம் தன் வாழ்க்கைக்குக் கணக்குக் கேட்கும் சண்டை. பாக்கியம் தன் மகனை அடித்து இழுத்துவரும் சண்டை. கையுறை மாட்டிய தன் புருஷன் எப்படி ரவுடியாகி வெட்டுப்பட்டுச் செத்தான் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பயத்தை 'அம்மா சென்டிமென்ட்' என்று பார்க்காதீர்கள். நம் பையன்களின் பலத்தை முதலில் கைதட்டி, பிறகு விலைக்கு வாங்கி, கடைசியில் கத்தியாக்கி வீசும் அரசியலை அவள் மட்டும் முழுதாகப் பார்த்திருக்கிறாள்.

பிறகு ஏன் மூன்றாவது? 'பரம்பரை' என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். கபிலன் யாருடைய மானத்தைக் காப்பாற்ற வளையத்துக்குள் இறங்குகிறான்? சார்பட்டாவின் மானத்தை. அந்தப் பரம்பரைக்குள்ளேயே தணிகாவைப் போன்றவர்கள் அவனுக்கு இடமில்லை என்கிறார்கள். ஜெயிக்கும் நிலையில் நிற்கும்போது அவன் உடையை உருவி அவமானப்படுத்துகிறார்கள். அவ்வளவுக்குப் பிறகும் அவன் மீண்டு வந்து ஜெயிப்பது அதே பரம்பரையின் பெயருக்குத்தான். அவமானத்துக்குப் பதில் திறமை என்று படம் முடிகிறது. திறமையைக் காட்டிக் காட்டி நாம் களைத்துப் போயிருக்கிறோம், தோழர்களே. தேர்வு எழுதி, பதக்கம் வாங்கி, இன்னும் ஒரு முறை நிரூபி என்று கேட்கப்பட்டுக்கொண்டே இருக்கிறோம். கபிலன் ஜெயித்த மறுநாள் காலையில் தணிகா மாறியிருப்பானா? படம் அந்தக் காலை வரை போகவில்லை.

2. மெட்ராஸ் (2014)

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் ஒரு சுவர். அதில் ஒரு தலைவரின் படம். அந்தச் சுவருக்காக இரண்டு அரசியல் கோஷ்டிகள். செத்து விழுகிறவர்கள் மட்டும் எப்போதும் அதே குடியிருப்புப் பையன்கள்.

எங்கள் முதல் கேள்விக்கு, சண்டை எதற்காக என்பதற்கு, இவ்வளவு கூர்மையாக விடை சொன்ன தமிழ்ப் படம் வேறில்லை. சுவரில் செங்கல்லும் சுண்ணாம்பும் தவிர ஒன்றுமில்லை. அதில் யார் முகம் இருந்தாலும் நம் குழாயில் தண்ணீர் கூடப் போவதில்லை. ஆனாலும் அதற்காக உயிரைக் கொடுக்க நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அன்பு அரசியலை நம்பிப் போகிறான். அவன் நம்பியது தப்பே இல்லை. அதிகாரத்துக்குப் போகாமல் சேரி மாறாது என்று அவன் சொல்வது அம்பேத்கர் சொன்னதுதான். அவனைக் கொல்ல வெளியிலிருந்து ஆள் வந்தாலும், வழி காட்டிக் கொடுத்தது கூடவே இருந்த மாரி. நம் இயக்கங்களுக்குள் இதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி வயிற்றைப் பிசையும். அன்பு செத்தபின் மேரி விடும் கதறலை எந்தப் பழிவாங்கலும் சமன் செய்யாது என்பதையும் படம் அறிந்திருக்கிறது.

காளி ஐடி கம்பெனியில் வேலை செய்கிறான். கால்பந்து ஆடுகிறான், படிக்கிறான், சம்பாதிக்கிறான். வெளியேறிவிட முடிகிற ஒருவன் திரும்பி நிற்கிறான். கடைசியில் அடி விழுகிறது. சுவர்மேல் நீல நிறம் விழுகிறது. படம் அங்கே முடிந்திருந்தால் வழக்கமான பழிவாங்கும் கதை. முடியவில்லை. காளியும் கலையரசியும் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுவருக்குப் படிப்பைப் பற்றிய படம் வருகிறது. மூன்றாவது கேள்விக்கு, சண்டைக்குப்பின் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு, இதைவிட நல்ல பதில் இல்லை: ஒரு வகுப்பறை மிஞ்சுகிறது.

மராத்தியில் நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்ட்ரி' ஒரு சிறுவன் நம்மை நோக்கி எறியும் கல்லோடு முடிகிறது. கல் எறியும் கோபம் நமக்கு வேண்டும். கல் எறிந்த பிள்ளை மறுநாள் எங்கே போய் உட்காருவான் என்ற யோசனையும் வேண்டும். 'மெட்ராஸ்' அந்த யோசனை.

ஒரே ஒரு குறைதான் இதை முதலிடத்திலிருந்து இறக்குகிறது. கடைசி வரை அடிப்பது காளி மட்டும். ஹவுசிங் போர்டு ஜனம் கூட்டமாக நிற்கிறது, பார்க்கிறது, அழுகிறது. இன்னும் அது சக்தியாக மாறவில்லை.

1. காலா (2018)

அது மாறிய படம் 'காலா'. வசூலில் 'கபாலி'யை எட்டவில்லை, ரஜினி ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. நம் மூன்று கேள்விகளுக்கும் முழு மார்க் வாங்கும் ஒரே ரஞ்சித் படம் இதுதான்.

சண்டை எதற்காக? நிலத்துக்காக. நிலம் உனக்கு அதிகாரம், எங்களுக்கு வாழ்க்கை என்று படம் நேரடியாகவே பேசுகிறது. தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தோல் பதனிட்டு, சேற்றை மேடாக்கி, நகரத்தின் நடுவில் ஓர் ஊரை உண்டாக்கியவர்களிடம், இது உன் இடமில்லை என்கிறான் ஹரி தாதா. அவன் கத்தியோடு வரவில்லை. 'தூய்மை' என்ற சொல்லோடும், கட்டடத் திட்டத்தோடும் வருகிறான்.

யார் சண்டை போடுகிறார்கள்? இங்கேதான் படம் எகிறுகிறது. தாராவி வேலையை நிறுத்துகிறது. டாக்சி ஓடவில்லை, குப்பை அள்ளப்படவில்லை, மும்பை திணறுகிறது. உழைக்கிறவன் கையை மடக்கிக்கொண்டாலே அது அடிதான் என்று ஒரு ரஜினி படம் காட்டியது. போலீஸ்காரர்கள் புயலின் உடையை உருவியபோது, அவள் உடையை எடுக்கக் குனியவில்லை. பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தாள். மானம் துணியில் இருக்கிறது என்று நூறு ஆண்டாகச் சொல்லிவந்த சினிமாவுக்கு அந்த ஒரு நொடி போதும். செல்வி வீட்டை ஆள்கிறாள், காலாவையும் சேர்த்து. சரீனா படித்து, திட்டம் போட்டு, ஏமாந்து, திருந்தி, மக்கள் பக்கம் வந்து நிற்கிறாள்.

முடிவில் என்ன மிஞ்சுகிறது? அந்தப் பக்கம் ராமாயணக் கதை வாசிப்பு. இந்தப் பக்கம் எரியும் தாராவி. வெட்ட வெட்டத் தலை முளைக்கும் ராவணனாக அங்கே முளைப்பது ஒரு மனிதன் அல்ல, ஒரு ஊர். பிறகு கறுப்பு, சிவப்பு, நீலம். காலா உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியே தேவையில்லாமல் போகிறது. எல்லாரும் காலா ஆகிவிட்டார்கள். இந்தியாவின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரை வைத்துக்கொண்டு, கடைசிச் சண்டையில் நட்சத்திரம் தேவையில்லை என்று சொன்ன படம் இது.

ஒரு முரணை மறைக்க மாட்டோம். 2018 மே 22இல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டை எதிர்த்துப் போராடிய மக்கள்மீது போலீஸ் சுட்டது. மே 30இல் அங்கே போய்வந்த ரஜினிகாந்த், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்ற பொருளில் பேசினார். அடுத்த எட்டாவது நாள், ஜூன் 7இல், 'காலா' வெளிவந்தது. திரையில் போராடு என்றவர், தரையில் போராடாதே என்றார். பலர் இதைச் சொல்லி அந்தப் படத்தையே தள்ளினார்கள். எங்களுக்கு இது எதிர்ப்பக்கம் தெரிகிறது. நாயகனை நம்பாதே, கூட்டத்தை நம்பு என்று படம் சொன்னது எவ்வளவு சரி என்பதை நாயகரே நிரூபித்துக் கொடுத்தார்.

படம் பழையதாகவும் இல்லை. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்பு ஏலத்தை அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் இருப்பவர்கள், பின்னால் வந்தவர்கள் வேறு இடத்துக்கு. தகுதி, தகுதியின்மை என்ற காகிதக் கோட்டால் ஓர் ஊரை இரண்டாக வெட்டுவது ஹரி தாதாவுக்கே தோன்றாத யுக்தி.

மும்பைவரை போக வேண்டாம். கூவம் கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்களைத் தெற்கே பெரும்பாக்கத்திலும் நம் பக்கம் பூந்தமல்லியைத் தாண்டிக் கூடப்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை ஒரு பக்கம், பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு மட்டும் இங்கே. ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பூங்கா வந்தது. சாலை நெடுக மனை விற்பனைப் பலகை. வளர்ச்சி வரட்டும். ஆனால் வளர்ச்சி வரும்போது முதலில் யாருடைய வீட்டுச் சுவரில் எண் எழுதப்படுகிறது என்று பார்க்கும் கண்ணை 'காலா' நமக்குத் தந்தது. முதலிடம் அதற்காகத்தான்.

திரைக்குப் பின்னால் விழும் அடி

சண்டைப் படங்களை வரிசைப்படுத்திவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை அரைகுறை. 2025 ஜூலை 13இல் நாகப்பட்டினம் அருகே, ரஞ்சித்தின் 'வேட்டுவம்' படப்பிடிப்பில் கார் உருளும் காட்சியை எடுத்தபோது சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் உயிரிழந்தார். போலீஸ் வழக்குப் பதிந்தது. வழக்கு தன் வழியில் போகட்டும். நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை. நாம் விசில் அடிக்கும் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் நிஜமாகவே விழும் ஓர் உடம்பு இருக்கிறது. அந்த உடம்பும் ஒரு தொழிலாளியின் உடம்பு. பாதுகாப்பு, காப்பீடு, குடும்பத்துக்கு நியாயமான இழப்பீடு ஆகியவற்றை மற்ற எல்லாத் தயாரிப்பாளர்களிடமும் எப்படிக் கேட்போமோ, அதே குரலில் நம்மவர்களிடமும் கேட்க வேண்டும். நம்மவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கலாம். தொழிலாளியின் நிலம், மானம், உயிர் என்று நமக்குப் பாடம் எடுத்த படங்கள் அவர்களுடையவைதானே. சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தைத் தாண்டி ஒரு முன்மாதிரியை உண்டாக்க அவர்களால் முடியும்.

இளந்தோழர்களுக்கு

இந்த வரிசையை ஒப்புக்கொள்ள வேண்டாம். 'சார்பட்டா'தான் முதல் என்கிறவர்கள் எழுதி அனுப்புங்கள், சண்டை போடுவோம். மூன்று கேள்விகளை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரஞ்சித் படத்துக்கு மட்டுமல்ல, அடுத்து வரும் எந்தச் சண்டைப் படத்துக்கும் அவற்றைப் போட்டுப் பாருங்கள். எதற்காக அடி, யார் அடிக்கிறார்கள், அடித்தபின் நம் தெருவுக்கு என்ன மிஞ்சுகிறது.

அதே கேள்விகளை நம் இயக்க வேலைக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பேனருக்காக, ஒரு சுவருக்காக, யார் மேடையில் முன்வரிசை என்பதற்காக நாம் போடும் சண்டை எந்தப் படத்தில் வருகிறது? தனி ஆளாக நின்று நாலு பேரை அடிக்கும் காளியாக இருக்க ஆசைப்படுகிறோமா, வேலையை நிறுத்திய தாராவியில் பெயர் தெரியாத ஒருவராக இருக்கத் தயாரா? அட்டைக் கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டோமா, இல்லை இன்னும் பைக்குள் வைத்திருக்கிறோமா?

ரஞ்சித் தன் பங்குக்குத் திரையில் அடியின் திசையைத் திருப்பினார். தெருவில் திருப்ப வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. அதற்கு டிக்கெட் வேண்டாம். வட்டத்துக்கு வாருங்கள், புத்தகத்தோடு வாருங்கள், தங்கைகளையும் அம்மாக்களையும் கூட்டி வாருங்கள்.

ஜெய்பீம்.